ரேங்க் மேட்ச் என்றாலே கை சில்லிட்டுப் போகிறது: என்ன செய்யலாம்?

கேட்டிருப்பவர் கல்லூரி மாணவர், வாலரண்ட் என்ற ஐந்துக்கு ஐந்து துப்பாக்கிச் சுடும் ஆன்லைன் விளையாட்டை ஆடுகிறவர். நண்பர்களோடு அன்ரேட்டட், அதாவது ரேங்க் கணக்கில் வராத ஆட்டம், ஆடும்போது நன்றாகவே சுடுகிறார். ரேங்க் ஏறி இறங்கும் காம்பெடிட்டிவ் பொத்தான் பக்கம் போனால் விரல்கள் சில்லிட்டு நெஞ்சு படபடக்கிறது. கடைசியில் அணி இல்லாமல் சுட்டுப் பழகும் டெத்மேட்ச் இரண்டு ஆடிவிட்டுக் கணினியை அணைத்துவிடுகிறார். துணிந்து உள்ளே போன நாட்களிலும் அவருக்கு வழக்கமாக வரும் ஆட்டத்தில் பாதிகூட வருவதில்லை. டீம்மேட்டுகள் திட்டுவார்களே என்ற கவலை தனி. 'பயம் போன பிறகு ரேங்க் ஆடுவதா, ஆடினால்தான் பயம் போகுமா? தனியாக ஆடுவதா, நண்பர்களோடு சேர்ந்தா?' என்பது கேள்வி.

ஆடினால்தான் போகும். பயம் முழுசாக விலகும் நாளுக்காகக் காத்திருந்தால் அந்த நாள் வராது. பொத்தானைத் தொடாமல் திரும்பும் ஒவ்வொரு முறையும் மனசுக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகத் திரும்பிவரப் பழக்குகிறது. ஆனால் 'பயப்படாம போய் ஆடு' என்று தட்டிக்கொடுத்து அனுப்புவதும் உதவாது. ஒரே ராத்திரியில் வரிசையாக ஆடித் தோற்றுவிட்டுப் படுத்தால் பயம் இரண்டு மடங்காகும். அளந்து ஆட வேண்டும். அதற்கும் முன்னால், ரேங்க் என்ற அந்த எண் எதை அளக்கிறது என்பது உங்களுக்குத் தெளிவாக வேண்டும். இதே சிக்கலோடு வந்த பிள்ளைகள் பலரோடு பேசியிருக்கிறேன். அந்த எண்ணைப் பார்க்கிற விதம் மாறியவர்களுக்குத்தான் மற்ற உத்திகள் கைகொடுத்தன. அதனால் பதிலில் பாதி அதற்கே போகும்.

முதலில், இது உங்களுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை. 2010-ல் ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற போர் வியூக விளையாட்டு வெளிவந்தபோது அதன் ஒருவருக்கு ஒருவர் ரேங்க் ஆட்டத்துக்கு லேடர் என்று பெயர். காசு கொடுத்து விளையாட்டை வாங்கிய பலர் அந்தப் பொத்தானை அழுத்தவே தயங்கினார்கள். இந்தத் தயக்கத்துக்கு லேடர் ஆங்சைட்டி என்ற பெயர் பரவலானது அப்போதுதான். அங்கே பழிபோட டீம்மேட்டும் கிடையாது. தோற்றால் முழுத் தோல்வியும் உங்கள் கணக்கில். நிலைமையைப் பார்த்த, அதைத் தயாரித்த பிளிசார்ட் நிறுவனம் 2011-ல் மாஸ்டர் லீக் என்ற உயர்மட்டத்துக்குக் கீழே இருப்பவர்களின் தோல்வி எண்ணிக்கையைத் திரையில் காட்டாமல் விட்டது. 2013-ல் அதன் அடுத்த பகுதியான ஹார்ட் ஆஃப் தி ஸ்வார்ம் வந்தபோது ரேங்க் இல்லாத ஆட்டத்தையும் சேர்த்தது. ஆட்டத்தின் விதிகள் எதுவும் மாறவில்லை. ஓர் எண்ணை மறைத்தால் ஆட்கள் நிம்மதியாக ஆடுவார்கள் என்று அதைச் செய்தவர்களுக்கே தோன்றியிருக்கிறது.

இன்னும் பின்னால் போனால், ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. அழுத்தம் கூடும்போது தெரிந்த வேலையே ஏன் சொதப்புகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அதில் ஒரு சோதனையை வீடியோ கேம் கூடத்திலேயே நடத்தினார். அங்கே பேக்-மேன் ஆடிக்கொண்டிருந்தவர்களிடம், நன்றாக ஆடியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியை உண்டாக்கிப் பார்த்தார். ஸ்கோர் குறைந்தது. ஆக, உங்களுக்கு நடப்பது ஆய்வில் பதிவாகி நாற்பது ஆண்டு தாண்டிய விஷயம்.

இனி எண்ணுக்கு வருவோம். இன்றைய ரேங்க் முறைகள் பலவற்றுக்கு முன்னோடி சதுரங்கம். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பட் எலோ உருவாக்கிய கணக்கை 1970-ல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஏற்றுக்கொண்டது. அதன் உள்ளடக்கம் எளிது: இரண்டு பேருக்கும் எண் சமமாக இருந்தால் இருவருக்கும் வாய்ப்பு சரிபாதி. ஒருவர் 100 புள்ளி மேலே இருந்தால் வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்ற கணக்கில் பத்து ஆட்டத்துக்குச் சுமார் 6.4 புள்ளி அவருக்கு வர வேண்டும். 200 மேலே இருந்தால் சுமார் 7.6. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக எடுத்தால் எண் ஏறும், குறைந்தால் இறங்கும். தன் அளவுகோலைப் பற்றி எலோவே சொன்ன ஓர் உவமை உண்டு: தண்ணீரில் ஏறி இறங்கி மிதக்கும் ஒரு தக்கை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய கோலை வைத்து அளப்பது மாதிரிதான் இது என்றார். கண்டுபிடித்தவருக்கே அந்த எண்ணின் மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவுதான். நாம்தான் அதைக் கல்வெட்டாக வைத்துக்கொண்டு அவதிப்படுகிறோம்.

வாலரண்ட், பிஜிஎம்ஐ, டோட்டா என எதை எடுத்தாலும், ஆட்களைச் சேர்த்துவிடும் பகுதி செய்யப் பார்ப்பது உங்களுக்குச் சமமானவர்களோடு உங்களை மோதவிடுவதை. வாலரண்டில் நீங்கள் காணும் ரேங்குக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மதிப்பும் இருக்கிறது, ஆள் சேர்ப்பது அதை வைத்துத்தான். ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் அது சரியாக வேலை செய்கிறது என்றால் அர்த்தம் என்ன? நீங்கள் ஏறத்தாழ பாதி ஆட்டங்களில் தோற்பீர்கள். நீங்கள் முன்னேறினால் எதிரிகளும் பலமாவார்கள், மறுபடி பாதிக்குப் பாதி. கீழ் ரேங்கான வெள்ளியில் இருப்பவரும் பாதி தோற்கிறார், மேல் ரேங்கான டயமண்டில் இருப்பவரும் ஏறத்தாழ பாதி தோற்கிறார். தோல்வி இல்லாத ரேங்க் ஆட்டம் என்று ஒன்றை அந்த இயந்திரம் உங்களுக்குத் தரப்போவதில்லை. ஒவ்வொரு தோல்வியையும் 'நான் சரியில்லை' என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டால் இரண்டு ஆட்டத்துக்கு ஒரு சாட்சி சேர்ந்துகொண்டே இருக்கும்.

இன்னும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள், இந்த இடம் முக்கியம். உங்கள் வெற்றி வாய்ப்பு மிகச் சரியாகப் பாதி என்று வைப்போம். 20 ஆட்டம் ஆடினால் எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து நான்கு தோல்வி வருவதற்கான வாய்ப்பு 48 சதவீதத்துக்குப் பக்கம். அதாவது நீங்கள் எதையும் தவறாகச் செய்யாமலேயே, இரண்டு பேரில் ஒருவருக்கு அந்த நான்கு தோல்வி வரிசை வந்தே தீரும். அதே 20 ஆட்டத்தில் எட்டோ அதற்குக் குறைவாகவோ மட்டும் ஜெயிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எட்டு வெற்றி, பன்னிரண்டு தோல்வி என்றால் நிகரமாக நான்கு தோல்வி. ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 20 ஆர்ஆர் (வாலரண்டின் ரேங்க் புள்ளி) போகிறது என்று வைத்தால் 80 ஆர்ஆர். வாலரண்டில் ஒரு படிக்கு 100 ஆர்ஆர்தான். ஆக, உங்கள் திறமை இம்மியும் குறையாமல், வெறும் அதிர்ஷ்டக் கணக்கில் மட்டும், கோல்டு 2-லிருந்து அதற்குக் கீழ்ப்படியான கோல்டு 1-க்கு இறங்கி நிற்கலாம். மேலே போவதும் அப்படித்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நீங்கள் உண்மையிலேயே உங்கள் ரேங்கைவிடக் கொஞ்சம் மேலானவர், வெற்றி வாய்ப்பு 55 சதவீதம் என்று வையுங்கள். அது நல்ல வித்தியாசம்தான். ஆனால் நூறு ஆட்டத்தில் சராசரியாக 55 வெற்றி, 45 தோல்வி; நிகரமாகப் பத்து வெற்றி. அந்தப் பத்தைப் பார்க்க நூறு ஆட்டம் ஆட வேண்டும். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆடிய மூன்று ஆட்டத்தில் அது தெரியவே தெரியாது. அதனால் ரேங்கை நாள்தோறும் பார்க்கும் பழக்கத்தை விடச் சொல்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், போதும். ஆன்லைன் சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு லிசெஸ் தளத்தில் எல்லா ரேட்டிங்கையும் மறைத்துவிடும் வசதியே அமைப்புகளில் இருக்கிறது. வாலரண்டில் அந்த அளவுக்கு மறைக்க வழியில்லை. ஆட்டம் முடிந்ததும் வரும் ஆர்ஆர் திரையில் நிற்காமல் கடந்து போவதை நாமே பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து உடம்பு. விரல் சில்லிடுவது, இதயம் அடித்துக்கொள்வது எல்லாம் அட்ரினலின் வேலை. ஆபத்து வருகிறது என்று எடுத்துக்கொண்ட உடம்பு, தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துப் பெரிய தசைகளுக்கு அனுப்புகிறது. ஓடுவதற்கும் சண்டை போடுவதற்கும் அது சரி. மவுஸை அரை அங்குலம் நகர்த்துவதற்கு உதவாது. இதை அடக்கி ஒடுக்கி 'அமைதியாகு, அமைதியாகு' என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதுதான் எல்லோரும் செய்வது. 2014-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் ஆலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்குப் பிடித்தது. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பாடுவது, மேடைப் பேச்சு, கணக்குப் போடுவது ஆகிய மூன்றையும் வைத்துச் சோதித்தார். பாட்டுக்கு மதிப்பெண் போட்டதே ஒரு வீடியோ கேம்தான். தொடங்கும் முன் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகச் செய்தார்கள். காரணம் இருக்கிறது: பதற்றத்திலும் இதயம் வேகமாக அடிக்கிறது, உற்சாகத்திலும் வேகமாக அடிக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவுவது எளிது. வேகமாக அடிக்கும் இதயத்தை இழுத்துப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். கேட்க அசட்டுத்தனமாகத் தோன்றும். இருந்தாலும் லோடிங் திரை ஓடும்போது 'செம மூடில் இருக்கிறேன், வா பார்க்கலாம்' என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

மூச்சும் உதவும், அதை அளவோடு எதிர்பார்க்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். அதனால் இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்தால் போதும். வாலரண்டில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால் துப்பாக்கி வாங்க அரை நிமிடம் தருகிறார்கள். வாங்கி முடித்த பிறகு மிஞ்சும் நேரத்தில் நிதானமாக இரண்டு மூச்சு விடலாம். சிலர் அந்த அரை நிமிடத்தில் ஸ்கோர்போர்டைத் திறந்து தன் கில் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பழக்கத்தை இன்றே விடுங்கள். கை குளிர்ந்தால் வெந்நீரில் கழுவிவிட்டு உட்காருங்கள். ரேங்க் ஆடுவதற்கு முன்னால் காபியோ எனர்ஜி டிரிங்க்கோ குடிப்பவராக இருந்தால் நிறுத்திப் பாருங்கள். காஃபீன் ரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். அதன் படபடப்பையும் பயக்கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

இப்போது உங்களை உண்மையில் வாட்டும் கேள்வி: அன்ரேட்டடில் வரும் குறி ரேங்கில் ஏன் வருவதில்லை? பைலாக் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2002-ல் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். தேர்ந்த கால்பந்து ஆட்டக்காரர்களைப் பந்தை உருட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். பழகிய வலது காலால் உருட்டும்போது 'காலின் எந்தப் பக்கம் பந்தைத் தொடுகிறது என்று கவனி' என்றால் ஆட்டம் கெட்டது. பழகாத இடது காலால் உருட்டும்போது அதே கவனம் உதவியது! ஆள் ஒருவர்தான். கைவந்த வேலையைக் கண்காணித்தால் அது குலைகிறது. கைவராத வேலைக்குத்தான் கண்காணிப்பு தேவை. அன்ரேட்டடில் நீங்கள் எதிரியைப் பார்க்கிறீர்கள். ரேங்கில் உங்கள் கையைப் பார்க்கிறீர்கள்: 'சரியாக வைத்தேனா, நடுங்குகிறதா, இப்போது சுட வேண்டுமா?' அந்தக் கேள்விகள் பயிற்சிக் களத்துக்கு உரியவை. அங்கே போய் எவ்வளவு வேண்டுமானாலும் கையை ஆராயுங்கள். மேட்சுக்குள் கவனத்துக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

அதற்கு நான் சொல்வது, ஒரு மேட்சுக்கு ஒரே ஒரு வேலை. 'இன்றைக்கு ஒவ்வொரு மூலையைத் திரும்பும் முன்னும் மினி மேப்பைப் பார்ப்பேன்' என்பது மாதிரி. அல்லது 'ரீலோடு பண்ணுவதற்கு முன் மறைவுக்குப் போவேன்.' அது உங்கள் கையில் முழுசாக இருக்கும் காரியமாக இருக்க வேண்டும். '20 கில் எடுப்பேன்' என்பது அப்படி இல்லை, அதில் எதிரிக்கும் பங்கு இருக்கிறது. மேட்ச் முடிந்ததும் ஜெயித்தோமா தோற்றோமா என்பதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்தோமா என்று கேளுங்கள். தோற்ற மேட்சிலும் ஆம் என்று சொல்ல முடிகிற ஒரு கேள்வி கையில் இருப்பது பெரிய ஆறுதல், அதில் ஆட்டமும் உண்மையாகவே முன்னேறும்.

கிளட்ச் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு டீம்மேட்டுகளும் செத்து, எல்லோரும் உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. 1982-ல் மைக்கேல்ஸ் என்பவரும் சக ஆய்வாளர்களும் பில்லியர்ட்ஸ் மாதிரியான பூல் ஆட்டத்தைக் கவனித்தார்கள். நான்கு பேர் பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்தபோது நல்ல ஆட்டக்காரர்களின் வெற்றிகரமான அடி 71 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏறியது. சுமாரானவர்களுக்கு 36-லிருந்து 25-க்கு இறங்கியது. பார்க்கிற கண்கள் நன்கு ஊறிய பழக்கத்தைத் தூக்கிவிடும், ஊறாததைக் கவிழ்த்துவிடும். அதனால் கிளட்ச் வரும்போது புதிதாக எதையும் முயலாதீர்கள். டெத்மேட்சில் பழகிப் பழகி அலுத்துப்போன எளிமையான ஆட்டத்தை ஆடுங்கள். அப்புறம், வாலரண்டின் கட்டுப்பாட்டு அமைப்புகளில் கிளட்ச் மியூட் என்றே ஒரு விசை வைத்துக்கொள்ளலாம். அழுத்தினால் டீம்மேட் குரல்கள் நிற்கும், காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். பலருக்கு இது இருப்பதே தெரியாது.

திட்டுகிறவர்கள் விஷயத்தில் என் கருத்தை ஒளிக்க மாட்டேன்: முதல் கெட்ட வார்த்தையிலேயே மியூட் பண்ணுங்கள். அது கோழைத்தனம் இல்லை. பதில் சொல்வது, நியாயம் பேசுவது, 'நீ எத்தனை கில்?' என்று கேட்பது எல்லாம் உங்கள் கவனத்தை அந்த ஆளுக்குத் தாரைவார்ப்பதுதான். வரைபடத்தில் குறி வைக்கும் பிங் போட்டே முக்கால்வாசித் தகவலைச் சொல்லிவிடலாம். பெண்கள் மைக்கைத் திறந்த உடனே என்ன கேட்க வேண்டியிருக்கிறது என்பது ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். அவர்கள் ரேங்கைத் தவிர்ப்பதை வெறும் பதற்றம் என்று சொல்வதே அநியாயம். அங்கே பயப்பட உண்மையான காரணம் இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் மறக்காமல் ரிப்போர்ட் கொடுப்பதும், அதைக் கேட்டுக்கொண்டிருந்த மற்ற மூன்று பேர் வாயைத் திறப்பதும்தான் அதற்குப் பதில்.

நம் ஊர் ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு தயக்கம் உண்டு, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மும்பை சர்வரில் அமையும் ஆட்டங்களில் பேச்சு பெரும்பாலும் ஹிந்தி. ஹிந்தி தெரியாதவர் மைக்கை மூடிக்கொள்வார். மூடிக்கொண்டதால் குற்ற உணர்ச்சி, அதனால் இன்னும் பதற்றம். உண்மையில் ஆட்டத்துக்குத் தேவையான பேச்சு மிகக் குறைவு. இடப் பெயர்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்: ஏ மெயின், மிட், ஹெவன், பி ஷார்ட். அதோடு ஒன்று, இரண்டு, மூன்று, லோ (எதிரிக்கு உயிர் குறைவு), ரொட்டேட் (இடம் மாறு), வெயிட். இவ்வளவை வைத்துக்கொண்டு எந்த மாநிலத்துக்காரரோடும் ஆடலாம். 'டூ, ஏ மெயின்' என்று இரண்டு சொல் சொன்னால் கடமை முடிந்தது. முதல் ரவுண்டிலேயே ஒரு தகவலைச் சொல்லிவிடுங்கள். நேரம் ஆக ஆக வாயைத் திறப்பது கஷ்டமாகும்.

வீட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு காம்பெடிட்டிவ் ஆட்டம் 13 ரவுண்டு ஜெயிக்கும்வரை போகும். முக்கால் மணி நேரம்கூட இழுக்கும். பாதியில் அம்மா சாப்பிடக் கூப்பிடுவார், கேஸ் சிலிண்டர் வரும், இல்லாவிட்டால் கரண்ட் போகும். ஆட்டத்தை விட்டு வெளியேறினால் தண்டனை உண்டு என்பதால் மனசின் ஒரு மூலை எப்போதும் கதவுப் பக்கமே இருக்கும். இதை நீங்கள் ரேங்க் பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். சாப்பிட்டு முடித்துவிட்டு உட்காருங்கள். 'ஒரு மணி நேரம் கூப்பிடாதம்மா, நடுவில் எழுந்தால் மற்ற நாலு பேருக்கும் ஆட்டம் போயிடும்' என்று காரணத்தோடு சொன்னால் பெரும்பாலான வீடுகளில் புரிந்துகொள்கிறார்கள். ரவுட்டருக்கு மட்டும் வைக்கும் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. லேப்டாப்பில் ஆடுகிறவருக்கு அது ஒரு பெரிய கவலையைத் தீர்க்கும்.

சரி, எவ்வளவு ஆடுவது? முதல் இரண்டு வாரம் நாளுக்கு ஒரே ஒரு ரேங்க் மேட்ச். ஜெயித்தாலும் ஒன்று, தோற்றாலும் ஒன்று. அதற்கு முன் ஒரு டெத்மேட்ச், கை சூடேறுவதற்கு. எந்த நேரம் என்பதையும் முன்கூட்டியே முடிவு பண்ணிவிடுங்கள், 'மூடு வந்தால் ஆடலாம்' என்று விட்டால் மூடு வராது. இங்கே எண்ணிக்கையை முடிவு செய்வது நீங்கள், ஆட்டத்தின் முடிவு இல்லை என்பதுதான் முக்கியம். பயம் இருக்கும்போதே ஆடி, ஒன்றும் ஆகாமல் வெளியே வருகிறீர்கள். அதைத் திரும்பத் திரும்ப அனுபவித்தால்தான் உடம்பு நம்பும். மூன்றாம் வாரம் இரண்டு ஆக்கலாம். அதற்கு மேல் போகும்போது ஒரு விதி: தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இந்த விதியை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஆன்லைன் ஆட்டத்தில் நம்மை நிறுத்த ஆள் இல்லை. சென்னைப் பையன் குகேஷ் 2024 ஏப்ரலில் டொராண்டோவில், உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் சதுரங்கப் போட்டியில் ஆடியபோது ஏழாவது சுற்றில் அலிரெசா ஃபிரோஜாவிடம் தோற்றார். நேர நெருக்கடியில் கைநழுவிய ஆட்டம். மறுநாள் போட்டி அட்டவணைப்படியே ஓய்வு நாள். திரும்பி வந்து 14-க்கு 9 புள்ளியோடு போட்டியையே வென்றார், அப்போது வயது 17. அவருடைய மனவுறுதியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், சரிதான். நான் அதோடு அந்த ஓய்வு நாளையும் பார்க்கிறேன். சதுரங்கப் போட்டியை வடிவமைத்தவர்கள் தோற்றவன் தூங்கி எழுவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். நம் திரையிலோ தோற்ற மறுநொடியே அடுத்த ஆட்டத்துக்கான பொத்தான் ஒளிர்கிறது. தோற்ற சூட்டில் ஆடுவதைத்தான் டில்ட் என்கிறோம். அந்த நேரத்தில் ஆடுகிற ஆட்டத்தில் நீங்கள் கற்பது ஒன்றுமில்லை, பயத்துக்குத்தான் தீனி. ஓய்வு நாளை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னோர் அக்கவுண்ட் திறந்து ஆடு, பயம் இருக்காது என்று பலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் சில நாள் லேசாக இருக்கும். அந்த அக்கவுண்டுக்கும் ஒரு ரேங்க் வந்த உடனே அதையும் காப்பாற்றத் தோன்றும். போதாக்குறைக்கு, அங்கே முதல் பத்துப் பதினைந்து ஆட்டங்களில் உங்களிடம் சிக்குகிறவர்கள் புதிதாகக் கற்க வந்தவர்கள். அவர்களுக்கும் ஒரு பயத்தை விதைத்துவிட்டு வருகிறோம்.

ரேங்க் ஆடித்தான் ஆக வேண்டுமா என்றால், இல்லை. சுருக்கமான ஆட்டமான ஸ்விஃப்ட்பிளேயும் அன்ரேட்டடும் ஆடி மகிழ்ச்சியாக இருப்பவர்கள் நிறையப் பேர், அதில் குறை ஒன்றுமில்லை. நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ள உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: தோற்றால் யாருக்கும் தெரியாது, எண்ணும் மாறாது என்றால் அந்தக் கடினமான ஆட்டத்தை ஆட ஆசையா? ஆசை என்றால் உங்களைத் தடுப்பது பயம்தான், மேலே சொன்னதெல்லாம் உங்களுக்கு. ஆசையே இல்லை என்றால் நண்பர்கள் ஆடுகிறார்கள் என்பதற்காக ஆட வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே படபடப்பு வகுப்பில் எழுந்து பேசும்போதும், போன் எடுக்கும்போதும், பரீட்சை அறையிலும் வருகிறதா? தூக்கம் கெடுகிறதா? அப்படியானால் விஷயம் ஆட்டத்தைவிடப் பெரியது, அதற்கு நல்ல சிகிச்சையும் இருக்கிறது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926.

கடைசியாக, தனியாகவா நண்பர்களோடா என்ற கேள்வி. ஐந்து பேரும் நண்பர்களாகச் சேர்ந்து போவது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு அதுவே அழுத்தமாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாதவர் திட்டினால் மியூட் பண்ணலாம், நாளைக்கு கேன்டீனில் பார்க்கப்போகிற நண்பனை என்ன செய்வது? நான்கு பேராகப் போக காம்பெடிட்டிவில் வழியே இல்லை. மூன்று பேர் என்றால் மற்ற இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள நீங்கள் ஒதுங்கிவிடும் சாத்தியம் உண்டு. இருவராகப் போங்கள். கூட வருபவர் உங்கள் ரேங்குக்குப் பக்கத்தில் இருப்பவராக, செத்த பிறகு வாயை மூடிக்கொண்டு பார்க்கத் தெரிந்தவராக இருக்கட்டும். நாளுக்கு ஒரு மேட்ச் என்ற விதியை அவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஜெயித்த அன்றைக்கு 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று அவர்தான் முதலில் இழுப்பார். ஒரு மாதம் கழித்து, அவர் வராத நாளில் தனியாக ஒன்று போட்டுப் பாருங்கள்.